ரூமாக் கிணறும் பேஸ்புக்கும்



அறபுக் கல்லூரியில் கொடுக்கல் வாங்கல் பாடம் நடந்துகொண்டிருந்தது. விற்பவர், வாங்குபவர், விற்கப்படும் பொருள் என ஒரு வியாபாரத்தின் பகுதிகளைப் பலகையில் எழுதி விளக்கிக்கொண்டிருந்தேன். பாடம் முடியும் நேரத்தில் பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஸ்ரத், பேஸ்புக்கை நாங்கள் சும்மாதானே பாவிக்கிறோம். அந்த வியாபாரத்தில் நாங்கள் விற்பவரா, வாங்குபவரா, பொருளா?" என்று கேட்டார். வகுப்பில் சிரிப்பொலி எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவருக்கு அரைகுறையாகவே பதில் சொன்னேன். அந்தப் பதிலின் மீதிப் பகுதியைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன்.

இலவசத்தின் விலை

இஷாத் தொழுகைக்குப் பின் நமது வீடுகளில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். வாப்பாவின் கையில் ஒரு கைத்தொலைபேசி, உம்மாவின் கையில் ஒன்று, பிள்ளைகளின் கையில் இன்னொன்று. மௌத் அறிவித்தல் முதல் கலியாண அழைப்பு வரை, ஊர்ச் செய்தி முதல் உலகச் செய்தி வரை அனைத்தும் அதில்தான் வருகின்றன. "எனது பேஸ்புக்", "எங்களது வட்ஸ்அப்" என்று சொந்தம் கொண்டாடிப் பேசுகிறோம். உண்மையில் பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம் ஆகிய மூன்றும் மெட்டா என்ற ஒரே அமெரிக்கக் கம்பனிக்குச் சொந்தமானவை.

2024ஆம் ஆண்டில் அக்கம்பனியின் வருமானம் ஏறத்தாழ 164 பில்லியன் டொலர்களாகும். அதில் நூற்றுக்கு 97 வீதத்துக்கும் அதிகமானது விளம்பரங்களால் வந்தது. மாணவரின் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது. விற்பவர் கம்பனி. வாங்குபவர் விளம்பரதாரர். விற்கப்படும் பொருள், அங்கே நாம் செலவழிக்கும் நேரமும் நமது பார்வையும் நம்மைப் பற்றிய தகவல்களும்தான்.

நாம் அங்கே எவ்வளவு நேரம் தங்குகிறோமோ, அவ்வளவுக்குக் கம்பனிக்கு இலாபம். மனிதனை அதிக நேரம் தங்க வைப்பவை எவை? நல்ல செய்திகளும் உண்டு. ஆயினும் பயமும் கோபமும் வதந்தியும் அதைவிட வேகமாக மனிதனைப் பிடித்துக்கொள்கின்றன. எந்தப் பதிவை முன்னே கொண்டுவர வேண்டும், எதைப் பின்னே தள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும் கணக்கு கம்பனியின் கையில் இருக்கிறது. அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பாவிப்பவர் பார்க்க முடியாது.

நாம் கொடுத்த விலை

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கும் வியாபாரம், நமக்கென்ன என்று இலங்கை முஸ்லிம்கள் சொல்ல முடியாது. 2014இலேயே கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம், நமது நாட்டில் பேஸ்புக் வழியாகப் பரவும் வெறுப்புப் பேச்சைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டு எச்சரித்தது. நான்கு வருடங்கள் கடந்தன. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் கருத்தடை மாத்திரை கலந்த சாப்பாடு கொடுக்கப்படுவதாக ஒரு கதை கிளம்பியது. அந்த வீடியோ பேஸ்புக்கில் நாடெங்கும் ஓடியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அந்த உணவில் இருந்தது வெறும் மாக்கட்டிதான் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார். அதற்கிடையில் நெருப்பு கண்டிக்குப் போய்விட்டது.

தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சிங்களச் சாரதி மார்ச் 3ஆம் திகதி உயிரிழந்தார். அது ஒரு குற்றம். அதைச் செய்தவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்துவதே நீதி. ஆனால் மார்ச் 4, 5ஆம் திகதிகளில் திகனயிலும் தொடர்ந்து சுற்றுப்புற ஊர்களிலும் பள்ளிவாசல்களும் நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. எரிந்த வீடொன்றில் ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. மறுநாள் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் தற்காலிகமாகத் தடை செய்தது. இரண்டு வருடங்களுக்குப் பின், 2020 மே மாதத்தில், தனது தளம் அந்த வன்முறைக்குத் துணைபோனமைக்காக அக்கம்பனி மன்னிப்புக் கேட்டது.

நீதமாகப் பேசுவதென்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அப்பாவி மக்களைக் கொன்ற கூட்டத்தின் தலைவனது பேச்சுக்கள் நமது தமிழ் மொழியிலேயே பேஸ்புக்கிலும் யூடியூப்பிலும் உலவின. விஷம் ஒரு சமூகத்தின் பக்கம் மட்டும் இருக்கவில்லை. சிங்களத்திலும் தமிழிலும் வந்த விஷத்தைத் தக்க நேரத்தில் பார்த்து நிறுத்த வேண்டிய பொறுப்பு, இந்த மண்ணில் வாழாத முதலாளிகளின் கையில் இருந்தது. ஒரு வீட்டில் பிள்ளை நோயில் துடிக்கும்போது திறப்பு வேறு நாட்டில் இருக்கும் ஒருவரிடம் இருந்தால் எப்படியிருக்கும்? நமது நிலை அதுதான்.

வாக்குரிமை கொடுத்துப் பறித்த கதை

பாவிப்பவர்களின் சொல்லுக்கு அங்கே மதிப்பே இருந்ததில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் இருந்தது. 2009இல் பேஸ்புக் தனது விதிகளை மாற்றும்போது பாவனையாளர்களின் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று அறிவித்தது. ஆனால் ஒரு நிபந்தனை. மொத்தப் பாவனையாளர்களில் நூற்றுக்கு 30 வீதத்தினர் வாக்களித்தால்தான் முடிவு கம்பனியைக் கட்டுப்படுத்தும்.

2012 டிசம்பரில் அந்த வாக்குரிமையையே நீக்கிவிடுவதா என்ற வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 6 இலட்சத்து 68 ஆயிரம் பேர் வாக்களித்தனர். அவர்களில் நூற்றுக்கு 88 வீதத்தினர் மாற்றத்தை எதிர்த்தனர். அப்போது பேஸ்புக்கில் நூறு கோடிக்கும் அதிகமானோர் இருந்தனர். முடிவு செல்லுபடியாக 30 கோடிப் பேர் வாக்களித்திருக்க வேண்டும். ஆகவே அந்த முடிவு ஒதுக்கப்பட்டது, வாக்குரிமையும் நீக்கப்பட்டது.

மறுபுறத்தில், கம்பனியின் தலைவர் மார்க் ஸக்கர்பேர்க் வைத்திருக்கும் விசேட பங்கு ஒவ்வொன்றுக்கும் பத்து வாக்குகள். சாதாரணப் பங்குக்கு ஒரு வாக்கு. அங்கே பெரும்பான்மை வாக்கு ஒரே மனிதரிடம் இருக்கிறது. சொந்தமில்லாதவனுக்குக் கொடுக்கப்படும் வாக்கு, கொடுத்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும் இரவல் பொருள்தான் என்பதை இந்தச் சம்பவம் நமக்குக் கற்பிக்கிறது.

"நாமே வாங்கிவிடுவோம்"

2016இல் டுவிட்டர் கம்பனி போதிய இலாபமின்றித் தடுமாறியது. அதை வாங்கப் பெரிய கம்பனிகள் பேச்சு நடத்துவதாகச் செய்திகள் வந்தன. அப்போது அமெரிக்கப் பேராசிரியர் நேதன் ஷ்னைடர், இங்கிலாந்தின் 'கார்டியன்' பத்திரிகையில் ஒரு யோசனையை எழுதினார். டுவிட்டரைப் பாவிப்பவர்களே ஒன்றுசேர்ந்து அதை வாங்கி, ஒரு கூட்டுறவுச் சங்கமாக ஏன் நடத்தக் கூடாது என்பதே அந்த யோசனை. பலர் இதற்கு ஆதரவு தெரிவித்தனர். சில சிறிய பங்குதாரர்கள் இதை 2017 மே மாதம் நடைபெற்ற கம்பனியின் வருடாந்தக் கூட்டத்துக்கே கொண்டுபோனார்கள். உடனே விற்றுவிடுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. பாவனையாளர்களுக்கு உரித்தாக்குவது சாத்தியமா என்று ஆராய்ந்து ஓர் அறிக்கை தாருங்கள் என்றுதான் கேட்டார்கள். நிர்வாகம் எதிர்த்தது. பிரேரணைக்குக் கிடைத்தது நூற்றுக்கு 5 வீதமளவான வாக்குகளே.

பின்னர் நடந்தது உலகறிந்தது. 2022 ஒக்டோபரில் எலொன் மஸ்க் என்ற ஒரே செல்வந்தர் 44 பில்லியன் டொலர் கொடுத்து டுவிட்டரை வாங்கினார். அடுத்த மாதமே ஏறத்தாழ 7,500 ஊழியர்களில் பாதிப் பேர் வேலையை இழந்தனர். 2023இல் பெயரே 'எக்ஸ்' என்று மாறியது. 2025 மார்ச்சில் அதைத் தனது இன்னொரு கம்பனியுடன் அவர் இணைத்தார். அங்கே நாள்தோறும் எழுதிப் பேசி அந்த இடத்துக்குப் பெறுமதி சேர்த்த கோடிக்கணக்கானோரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் சட்டப்படி இல்லை.

ரொச்டேல் முதல் மெனிக்ஹின்ன வரை

கூட்டுறவு என்றதும் நமது நினைவுக்கு வருவது சங்கக் கடையும் கூப்பனும் நீண்ட வரிசையும்தான். அதன் பிறப்பைச் சற்று நோக்குவோம். 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் நெசவாளர்களும் வேறு தொழிலாளர்களுமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண் பங்கு போட்டு ஒரு கடை திறந்தார்கள். கோதுமை மா, வெண்ணெய், சீனி, ஓட்ஸ் மா, மெழுகுதிரி, இவைதான் சரக்கு. அக்காலத்தில் முதலாளிமாரின் கடைகளில் கலப்படம் மலிந்திருந்தது. தாங்களே உரிமையாளராக இருக்கும் கடையில் தங்களுக்குத் தாங்களே கலப்படம் செய்துகொள்ள மாட்டார்கள் அல்லவா? எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்பது அவர்களது விதி. இலாபம் மிஞ்சினால், கடையில் எவர் எவ்வளவு கொள்வனவு செய்தாரோ அதற்கேற்பப் பகிர்ந்தார்கள்.

நமது நாட்டில் முதலாவது கூட்டுறவுக் கடன் சங்கம் 1906இல் ஆரம்பமானது. எங்கே தெரியுமா? கண்டி மாவட்டத்தின் தும்பறைப் பகுதியில், மெனிக்ஹின்னயில். 2018 மார்ச்சில் எரிந்த ஊர்களின் பெயர்ப்பட்டியலில் அதே மெனிக்ஹின்னயும் இருந்தது. ஒருவருக்கொருவர் தோள் கொடுக்க வேண்டும் என்று நூறு வருடங்களுக்கு முன் கிராமத்தவர் கூடிய இடத்துக்கு, தொலைபேசி வழியாக வந்த வெறுப்பு தீ வைத்தது. இதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

செய்தித் துறையிலும் இந்த முறை புதிதல்ல. உலகெங்கும் செய்தி வழங்கும் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம், 1846இல் நியூயோர்க் பத்திரிகைகள் சில செலவைப் பகிர்ந்துகொள்ள ஒன்றுகூடியதால் உருவானது. இன்றும் அது இலாப நோக்கற்ற கூட்டுறவு அமைப்பாகவே இருக்கிறது.

மார்க்கத்தின் ஒளியில்

ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்த ஸஹாபாக்களுக்குக் குடிநீர் பெரும் பிரச்சினையாக இருந்தது. ரூமா என்ற கிணற்றில் நல்ல நீர் இருந்தது. ஆனால் காசு கொடுத்தால்தான் குடிக்கலாம். அக்கிணற்றை வாங்கி, தனது வாளியையும் மற்ற முஸ்லிம்களின் வாளிகளைப் போல் ஒன்றாக ஆக்கிக்கொள்பவர் யார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். அவருக்குச் சுவர்க்கத்தில் அதைவிடச் சிறந்தது உண்டு என்றும் நன்மாராயம் கூறினார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தமது சொந்தச் செல்வத்தால் அதை வாங்கினார்கள். செல்வந்தர், ஏழை, வழிப்போக்கர் அனைவருக்கும் பொதுவாக்கினார்கள்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். கிணற்றை வாங்கியவரின் வாளிக்குக் கூடத் தனிச் சலுகை இல்லை. உஸ்மான் (ரலி) அவர்கள் செய்தது வக்பு. கூட்டுறவு என்பது பலர் பங்கு சேர்ந்த ஷிர்க்கத்துக்கு நெருக்கமானது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் உள்ள அடிப்படை ஒன்றுதான்: எல்லோரும் நீரள்ளும் இடத்துக்கு ஒருவர் மட்டும் பூட்டுப் போடக் கூடாது. இன்று நமது சமூகங்கள் செய்தியும் உறவும் அள்ளும் கிணறு இந்தத் தளங்கள்தான். அதன் கயிறு சில தனிமனிதர்களின் கையில் இருக்கிறது.

ஷிர்க்கத்தில் ஒரு பங்காளியின் கையிலுள்ள கூட்டுச் சொத்து அமானிதமாகும். கணக்கை மறைப்பது மோசடி. முஃமின்களின் காரியங்கள் தமக்கிடையே மஷூராவின்படி நடக்கும் என்பது அல்குர்ஆன் காட்டும் பண்பு. இந்த அளவுகோலால் பார்த்தால், பாவனையாளருக்கே உரித்தான ஒரு தளம் நமக்கு அந்நியமான சிந்தனையல்ல. வட்டி கலந்த முதலீடு போன்றவற்றைத் தவிர்த்து அமைக்க வேண்டியது தனியான பொறுப்பு.

மூன்று கேள்விகள்

இதைச் சொன்னால் எழும் கேள்விகளையும் மறைக்காமல் பார்ப்போம்.

முதலாவது, பணம். 2022இல் டுவிட்டரை நாள்தோறும் பாவித்தவர்கள் சுமார் 23 கோடி 80 இலட்சம் பேர். 44 பில்லியன் டொலரை அவர்களுக்கிடையில் பங்கிட்டால் ஆளுக்கு ஏறத்தாழ 185 டொலர். அன்றைய நாணய மாற்றுக்கு 65 ஆயிரம் ரூபாவுக்கும் மேல். நமது நாட்டில் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற வருடம் அது. எந்தக் குடும்பத்தால் முடியும்? ஆகவே இருக்கும் பெரிய கம்பனியை முழுவதுமாக வாங்குவது இலகுவான வழியல்ல. புதிதாகச் சிறியதாய்த் தொடங்குவது முடியும். 2017இல் ஆரம்பமான 'சோஷல் கோப்' என்ற சமூகத் தளம் அங்கத்தவர்களுக்கே சொந்தமானது. மாதம் ஒரு பவுண் முதல் அங்கத்துவப் பணம் கட்டி, விதிகளை அவர்களே கலந்து பேசித் தீர்மானிக்கிறார்கள். விளம்பரம் இல்லை. அது 'மஸ்டடோன்' என்ற பொது மென்பொருளில் இயங்குகிறது. ஒரு தபால் கந்தோரில் போட்ட கடிதம் இன்னொரு தபால் கந்தோருக்குப் போய்ச் சேர்வதுபோல, தனித்தனிச் சிறு தளங்களில் உள்ளவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள அதில் வசதி உண்டு.

இரண்டாவது கேள்வி நமக்கு மிக முக்கியமானது. ஒருவருக்கு ஒரு வாக்கு என்றால் பெரும்பான்மையினரின் கைதானே ஓங்கும்? இந்நாட்டில் முஸ்லிம்கள் பத்தில் ஒரு பங்கினர். கோபம் கொதித்த அந்த மார்ச் மாதத்தில் வாக்கெடுத்திருந்தால் நமக்கு நீதி கிடைத்திருக்குமா? நியாயமான அச்சம் இது. இதற்கு விடை நமது பள்ளிவாசலிலேயே இருக்கிறது. ஜமாஅத்தார் கூடி நிர்வாக சபையைத் தெரிவு செய்யலாம், கணக்குக் கேட்கலாம், மிம்பரை எங்கே வாங்குவது என்று முடிவு செய்யலாம். கிப்லாவை மாற்றலாமா என்று வாக்கெடுக்க முடியாது. அதேபோல், எந்தச் சமூகத்துக்கும் எதிராக வன்முறையைத் தூண்டக் கூடாது, பொய்க்குப் பலியானவரின் முறைப்பாட்டைக் குறித்த நேரத்துக்குள் அவரது மொழி தெரிந்தவர் விசாரிக்க வேண்டும் என்பவை, எந்த வாக்கெடுப்பாலும் நீக்க முடியாதவாறு யாப்பிலேயே எழுதப்பட வேண்டும். யாப்பு இல்லாத கூட்டுறவும் ஒரு முதலாளிதான். அந்த முதலாளிக்குத் தலைகள் அதிகம், அவ்வளவுதான்.

மூன்றாவது, நமது சோம்பல். கூட்டுறவுச் சங்கங்கள் பல இடங்களில் நலிந்ததற்கு அரசியல் தலையீடு ஒரு காரணம். அங்கத்தவர்களின் அலட்சியம் இன்னொரு காரணம். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்குப் போகாதவர், பிறகு சந்தியில் நின்று நிர்வாகத்தைக் குறை கூறுவார். 2012 பேஸ்புக் வாக்கெடுப்பில் நூறு கோடியில் ஏழு இலட்சம் பேர்கூட வாக்களிக்கவில்லை என்பதை மறக்க வேண்டாம். அறிவித்தல் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று கம்பனியைக் குறை கூறலாம். ஆனால் உரிமையைக் கேட்பவர் அதற்குரிய வேலையையும் ஏற்க வேண்டும். கணக்குப் பார்க்க வேண்டும், கூட்டத்துக்குப் போக வேண்டும், மற்றவரின் முறைப்பாட்டைக் கேட்க வேண்டும்.

இன்றே தொடங்கலாம்

அப்படியானால் நாளை காலை நாம் என்ன செய்வது? உங்கள் மஹல்லாவின் வட்ஸ்அப் குழுமத்தைப் பாருங்கள். கம்பனி வேறொருவருடையது. ஆயினும் அந்தக் குழுமத்துக்குள் நடப்பது உங்கள் பொறுப்பு. அதை ஒருவரின் கையில் விட்டுவிடாமல், மூவரோ ஐவரோ கூட்டாகப் பொறுப்பேற்கட்டும். அவர்களில் ஒரு சகோதரியும் ஓர் இளைஞரும் இருக்கட்டும். வந்த செய்தியைத் தீர விசாரிக்காமல் அனுப்புவதில்லை என்பதை முதலாவது விதியாக எழுதிக்கொள்ளுங்கள். ஸூரதுல் ஹுஜுராத்தின் ஆறாவது வசனம் கற்றுத்தருவது இதைத்தான். அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் கைசேதப்பட வேண்டியதில்லை. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் நேரில் கூடி விதிகளை மீட்டிப் பாருங்கள். மஷூராவுக்கு இதைவிடச் சிறிய ஆரம்பம் இருக்க முடியாது.

கணினித் துறையில் படிக்கும் பிள்ளைகள் இன்று நமது வீடுகளில் ஏராளம். வெளிநாட்டுக் கம்பனியில் வேலை எடுப்பதோடு அவர்களது கனவு முடிந்துவிட வேண்டுமா? சிங்களத்திலும் தமிழிலும் இயங்குகின்ற, மூன்று சமூகத்தவரும் அங்கத்தவராக இருக்கின்ற ஒரு சிறு கூட்டுறவுத் தளத்தை அவர்கள் அயல் சமூகத்து நண்பர்களோடு சேர்ந்து ஆரம்பிக்கட்டும். நமக்கென்று மட்டும் ஒரு தளம் அமைத்தால் நமது குரல் நமக்கு மட்டுமே கேட்கும். அம்பாறையின் பொய் சிங்கள மொழியில் ஓடியது. அதை மறுக்கும் சிங்கள அண்டை வீட்டாரும் நம்மோடு ஒரே கிணற்றில் நீரள்ளுபவராக இருந்தால்தான் அடுத்த பொய்யை அவர் தடுப்பார்.

அந்த மாணவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: தம்பி, இப்போதைக்கு நாம் பொருள். பங்காளியாக மாற மார்க்கத்தில் வழி இருக்கிறது, உலகத்தில் முன்மாதிரியும் இருக்கிறது. வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசைக்கு வர வேண்டியது நமது வேலை. அல்லாஹ் நம் நாவுகளையும் நமது விரல்களையும் அமானிதம் பேணுபவையாக ஆக்குவானாக. ஆமீன்.